சூடு தெரியாத விரல்கள்

கார் பாலிஷ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

எந்த பெயிண்டுக்கு எந்த காம்பவுண்ட் பசை, மெஷின் முனையில் சுழல எந்த பேட் என்பதையெல்லாம் கடையில் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் அது தானாகக் கைக்கு வந்துவிடும். பானெட், டாப் மாதிரி அகலமான இடங்களில் புதிய ஆள்கூட அவ்வளவு சுலபமாக வண்டியைக் கெடுத்துவிட முடியாது. வண்டி கெடுவது சந்துகளில்தான். கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழி, சைடு மிரரின் அடிப்பாகம், பம்பரில் ஃபாக் லேம்பைச் சுற்றியுள்ள பள்ளம், நம்பர் பிளேட்டின் ஓரம். அங்கெல்லாம் மெஷினை நகர்த்த இடம் கிடையாது. பேட் ஒரே இடத்தில் நின்று சுற்றும். ஓரங்களில் பெயிண்ட் ஏற்கெனவே மெலிதாக இருக்கும். பம்பரோ பிளாஸ்டிக். தகடு சூட்டைச் சுற்றிலும் பரப்பிவிடும், பிளாஸ்டிக் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கண் மூடித் திறப்பதற்குள் மேல்பூச்சு வெந்துவிடும்.

அதனால்தான் சந்துகளில் முடிந்தவரை துணியைச் சுற்றிக் கையாலேயே தேய்க்கச் சொல்கிறோம். சின்ன மெஷின் வைத்தே ஆக வேண்டுமென்றால் வைத்து வைத்து எடுக்க வேண்டும். எடுத்த ஒவ்வொரு முறையும் விரலின் பின்பக்கத்தால் பெயிண்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதமான சூடு என்றால் சரி. விரல் தானாகப் பின்னுக்கு வந்தால் நிறுத்திவிட வேண்டும். இதற்கு மீட்டர் எல்லாம் வந்திருக்கிறது என்கிறீர்கள். வரட்டும். கைப்பிடிக் குழிக்குள் மீட்டர் நுழையாது, விரல்தான் நுழையும்.

அந்த விரலைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் இன்னொன்று. நான் வேலைக்கு வந்த புதிதில், குரோம்பேட்டையில் ஒரு கடையில் இருந்தேன். அங்கே ஒருவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டே மெஷின் பிடிப்பார். ஒரு நாள் துண்டின் நுனி பேட்டுக்குப் பக்கத்தில் தொங்கியதை இன்னொருவர் பார்த்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் பெயரைச் சொல்லிக் கத்தினார். கூப்பிட்ட குரலுக்கு அவர் திரும்பினார். திரும்பிய வேகத்தில் துண்டு பேட்டில் சுற்றிக்கொண்டது, மெஷின் துண்டைப் பிடித்தபடி மேலே ஏறி அவர் தாடையைப் பிளந்தது. மெஷின் ஓடும்போது யாரையும் கத்திக் கூப்பிடக் கூடாது, பேசாமல் போய் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நீங்களும் மெஷினைக் கையில் எடுக்கும் முன் சுவரில் பிளக் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சேலையூருக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலேயே இருந்த ஒரு கடைக்கு வந்து, வேலையை விடும்வரை அங்கேயே இருந்தேன். முதலாளியின் குடும்பம் அந்த ஊரிலேயே பரம்பரையாக நெல் விளைவித்த குடும்பம். வயலாக இருந்த இடத்தில்தான் எங்கள் ஷெட் நின்றது. அந்தக் கடைக்குத்தான் அந்த அக்காவும் வந்து சேர்ந்தார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. மகள் ஊரப்பாக்கத்தில் இருக்கிறாள். அவளைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை. கடையில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம், முதலாளி உட்பட. கோவளத்தில் பிறந்தவர். கல்யாணமாகி கோவிலம்பாக்கத்துக்கு வந்து, அங்கே சந்தையில் மீன் வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கணவர் இறந்த பிறகு, உட்கார்ந்தே செய்கிற வேலை முதுகுக்கு ஒத்துவரவில்லை என்று எங்களிடம் வாட்டர் வாஷுக்கு வந்தார். வந்த சில வாரங்களிலேயே அவர் கையைப் பார்த்து நான்தான் பாலிஷ் பக்கம் இழுத்துக்கொண்டேன். எங்கள் விரல்கள் போய் முட்டி நிற்கிற இடத்தில் அவர் விரல்கள் நுழைந்து வெளியே வந்துவிடும். மீனின் செவுளுக்குள் விரலைவிட்டு எடுத்துப் பழகிய கை. கிரில்லின் பட்டைகளுக்கு நடுவே, கைப்பிடிக் குழியில், கம்பெனிப் பெயர் எம்பளத்தின் எழுத்துகளுக்கு இடையே என்று சந்து வேலையெல்லாம் மெல்ல மெல்ல அவருடையதாகிவிட்டது. அகலமான இடம் எனக்கு, சந்து அவருக்கு. பல வருஷம் அப்படி ஒரே வண்டியில் ஆளுக்கொரு பக்கமாக வேலை செய்தோம். மத்தியானம் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வோம். அவர் மகள் படித்து, பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகிப் போனதெல்லாம் எனக்கு அந்தச் சாப்பாட்டு நேரத்தில் கேட்ட கதைகள்தான்.

ஒரு கட்டத்தில் அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. மெஷினை எடுத்ததும் விரலால் தொட்டுப் பார்க்க மாட்டார். குனிந்து, கன்னத்தைக் கதவோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார். கடையில் இருந்தவர்கள், அக்கா வண்டிக்கு முத்தம் கொடுக்கிறார் என்று கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. டீ வரும்போது கண்ணாடி கிளாஸை நாங்கள் விளிம்பில் பிடித்து, கை மாற்றி மாற்றி ஊதிக் குடிப்போம். அவர் அடிப்பாகத்தை உள்ளங்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார். மீன்காரக் கை, காய்த்துப்போயிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு தலைமை ஆசிரியரின் வண்டி வந்தது. கடைக்கு நீண்ட நாள் வாடிக்கையாளர். அடர்நீல வண்டி. அடுத்த நாள் காலையில் அவர் மகளுக்கு சர்ச்சில் கல்யாணம், பெண் அந்த வண்டியில்தான் போய் இறங்கப்போகிறாள். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார். பம்பர் ஒருமுறை இடிபட்டு மறுபடி பெயிண்ட் அடித்தது. அப்படி அடித்த பம்பரில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் பின்பக்கக் கதவில் இருந்தேன். அக்கா முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ஃபாக் லேம்ப் பள்ளத்தில் சின்ன மெஷினை வைத்திருந்தார். முதலில் எனக்கு வந்தது வாசனைதான். பெயிண்ட் சூடேறும்போது ஒரு காரமான வாடை வரும், அதை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். எட்டிப் பார்த்தேன். இடது கையின் விரல்களை, பிடிமானத்துக்காக, பேட் சுற்றுகிற இடத்துக்கு ஒட்டினாற்போல் பம்பரில் ஊன்றியிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ரேடியோவில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூப்பிட்டால் திரும்புவார். திரும்பினால் பேட்டின் விளிம்பு பள்ளத்தின் ஓரத்தைக் கடித்துவிடும், அல்லது அவர் விரலை. சுவருக்குப் போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

மெஷின் சத்தம் மெல்ல அடங்கியது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா பாஸ்கரு, கரண்ட்டு பூட்ச்சா?"

"இல்லக்கா. நான்தான் பிடுங்கினேன்."

பக்கத்தில் போய்ப் பம்பரைத் தொட்டேன். வைத்த விரலை உடனே எடுத்துவிட்டேன். அவர் விரல்கள் இன்னும் அங்கேயே ஊன்றியிருந்தன. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கித் திருப்பிக் காட்டினேன். நடுவிரலின் நுனியில் தோல் வெளுத்து, மேலே எழும்ப ஆரம்பித்திருந்தது. அவர் அதை வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு கையை என்னிடமிருந்து இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார்.

பெயிண்ட் மங்கியிருந்ததே தவிர, போய்விடவில்லை. பேசாமல் ஆற விட்டோம். இந்த மாதிரி நேரத்தில் பதற்றத்தில் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், அதற்குமேல் தேய்க்கவும் தேய்க்காதீர்கள். நன்றாக ஆறிய பிறகு நான் துணியில் கொஞ்சமாகக் காம்பவுண்ட் எடுத்துக் கையாலேயே தேய்த்துத் தேய்த்து மங்கலை எடுத்தேன். வண்டி சொன்ன நேரத்துக்குப் போனது. தலைமை ஆசிரியர் பள்ளத்தைக் குனிந்து பார்க்கவே இல்லை. யாரும் பார்க்க மாட்டார்கள்.

வண்டி போன பிறகு அக்காவை எதிர் டீக்கடைக்குக் கூட்டிப்போய், எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு, விரல் நுனி மரத்துப்போய் ரொம்ப நாளாகிறது என்றார். எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. சர்க்கரை இருக்கிறது என்று முன்பு ஒருமுறை சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்களாம், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அதை நிறுத்திவிட்டாராம். நாள் முழுக்க மெஷின் அதிர்வு வேறு.

முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாத பாஸ்கரு. சந்து வேலைக்குத்தான் என்னை வச்சிகினு கீறாரு. அது பூட்ச்சின்னா நான் யாரு அங்க?"

வண்டி கெட்டால் மறுபடி அடித்துவிடலாம், விரல் போனால் என்ன செய்வீர்கள் என்றேன். நீங்களே சொல்லுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். அவர் டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் அவர் வந்ததும் மெஷினை எடுத்து வைத்து, வண்டியின் ஓரங்களுக்கு டேப் ஒட்ட ஆரம்பித்தார். விரலில் பிளாஸ்திரி. நான் அவரை முதலாளியின் அறைக்குக் கூட்டிப்போய், அக்காவின் முன்னிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலாளி கோபப்படவில்லை. அவர் தகப்பனாரும் சர்க்கரையில் கஷ்டப்பட்டுப் போனவர். அன்றைக்கே ஒரு ஆளைத் துணைக்குப் போட்டு அக்காவை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். வேலையைவிட்டு அனுப்ப மாட்டேன், ஆனால் மெஷினைத் தொட வேண்டாம் என்றார். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்க மாட்டேன், பழையபடி வாட்டர் வாஷுக்குப் போகிறேன் என்று அக்காவே கேட்டுக்கொண்டார். எங்களுக்கும் அது நல்ல ஏற்பாடாகவே தெரிந்தது. தண்ணீர், நுரை, துணி. அங்கே சூடு எதுவும் கிடையாது.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

வண்டி ரெடி, சாவி மேஜையில் இருக்கிறது என்ற அளவில்தான் பேச்சு. மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். நான் அவருக்கும் சேர்த்து டீ சொல்வேன், கிளாஸ் அப்படியே ஆடை படிந்து கிடக்கும். மகளுக்குக் குழந்தை பிறந்ததைக்கூட வேறு ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சந்து வேலையை நான் செய்ய ஆரம்பித்தேன். என் விரல்கள் தடித்தவை. கிரில்லுக்குள் விட்டு எடுக்கும்போதெல்லாம் ஷெட்டின் அந்தக் கோடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். கோபம் தானாக ஆறட்டும், அதுவரை தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

மழைக்காலம் வந்தது. வண்டிகள் சேற்றோடு வந்து நின்றுகொண்டே இருந்தன. வாஷ் பக்கம் தரை காயவே இல்லை. பம்பர் கழற்றி மாட்டுகிற இடத்தில் கிளிப், ஸ்க்ரூ எல்லாம் சிதறிக் கிடக்கும், தண்ணீர் அதை எங்கெங்கோ அடித்துக்கொண்டு போகும். அப்படி ஒரு ஸ்க்ரூ அக்காவின் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. கைக்கு முன்பே கால் மரத்துப்போயிருந்திருக்கிறது. ஸ்க்ரூவோடேயே அன்று முழுவதும் நின்றிருக்கிறார். எங்கள் கடை ஷாம்புவின் நுரை இளஞ்சிவப்பாக இருக்கும். அதனால் தரையில் ஓடியதை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

ராத்திரி வீட்டில் செருப்பைக் கழற்ற முயன்றபோது அது காலோடு வந்திருக்கிறது. ஸ்க்ரூவைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மஞ்சள் வைத்துக் கட்டி, மறுநாள் வேலைக்கு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். காய்ச்சல் வந்து விழுந்த பிறகுதான் மகள் வந்து பார்த்தாள். மருத்துவமனைக்குப் போனபோது கால் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் வார்டுக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார்கள் அங்கிள் என்றாள் மகள். அவர் தூங்கவில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு அவர் ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டோடு இருந்தார். நானும் தோள்பட்டை தூக்க முடியாமல் போய் வேலையைவிட்டு நின்றேன். கோடையில் ஒரு நாள் அந்தப் பெண் போன் செய்தாள்.

"அங்கிள், அம்மா கோவளம் போகணும்னு சொல்றாங்க. நாங்க கூட்டிட்டுப் போறோம்னா வேணாங்கிறாங்க. உங்க கூடத்தான் போவாங்களாம்."

என்னிடம் கார் கிடையாது. முதலாளியிடம் கேட்டேன். என்ன ஏது என்று கேட்காமல் தன் வண்டிச் சாவியைக் கொடுத்தார். அக்காவை மருமகன் தூக்கிவந்து முன் சீட்டில் உட்கார வைத்தார். உடம்பு பாதியாகியிருந்தது. வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கம் தாண்டி, கடற்கரைச் சாலை வரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஜன்னலை முழுக்க இறக்கச் சொன்னதோடு சரி.

படகுகள் தெரிகிற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். காலை ஏலம் முடிகிற நேரம். பெண்கள் கூடைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவரைத் தெரிந்தவர்கள் யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் அடையாளம் கண்டிருப்பார்களா தெரியாது. அவர் கடலைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"உனக்குத் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே எனக்குத் தெரியும் பாஸ்கரு. வூட்ல மீன் ஆயும்போது முள்ளு குத்திக்கினு கீது. துணில ரத்தத்தைப் பாத்துதான் தெரிஞ்சுது. அன்னிலேந்து யாராவது கேப்பாங்களான்னு பாத்துகினே இருந்தேன். யாரும் கேக்கல. நீ கேட்டே. நீ கேட்டதும் அது நெஜமாப் பூட்ச்சு. அதான் உம்மேல கோவம்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"மொதலாளி அனுப்பின ஆஸ்பத்திரி டாக்டரு தெனம் காலைத் திருப்பிப் பாக்கச் சொன்னாரு. வெறுங்கால்ல நிக்காத, ஈரத்துல நிக்காதன்னு சொன்னாரு. யாராண்டயும் சொல்லல. பொண்ணாண்ட சொன்னா வேலைய உட்டு நில்லும்பா." கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "உன்னாண்ட பேசிகினு இருந்தா சொல்லியிருப்பேன்."

என்னிடமிருந்து அவர் எதையும் எதிர்பார்த்து அதைச் சொன்னதாகத் தோன்றவில்லை. ஒரு பெண் கூடையோடு வண்டியருகே வந்தாள். அக்கா கூடையை எட்டிப் பார்த்து, சங்கரா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னார். நேற்றைய மீன் என்றார். அந்தப் பெண் சண்டைக்கு வந்தாள். அக்கா விடவில்லை. பேரம் படிந்து மீன் வாங்கியபோது அவர் முகத்தில் பழைய களை கொஞ்சம் வந்திருந்தது. உனக்குப் பாதி, பொண்ணுக்குப் பாதி என்றார். திரும்பும் வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தார்.

அடுத்த மழைக்கு முன்பே போய்விட்டார். இன்னொரு காலில் புண் வந்து, அது ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அவர் ஆசைப்படி கோவளத்தில்தான் அடக்கம் செய்தார்கள். முதலாளி கடையை அடைத்துவிட்டு எல்லோரையும் வேனில் கூட்டிவந்தார். மண் போடும்போது மகள் என் பக்கத்தில் நின்று அழுதாள். அம்மா உங்களைப் பற்றி எப்போதும் பேசுவார்கள் என்று சொன்னாள். என்னிடம் பேசாமல் இருந்த அத்தனை காலமும் வீட்டில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அன்று பிளக்கைப் பிடுங்கியதும், மறுநாள் முதலாளியிடம் சொன்னதும் சரியா என்று கேட்டால், சரிதான். இன்றைக்கு நடந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் சரியானதைச் செய்துவிட்டால் அதோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஆளுக்கு நாம் வேண்டியிருக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் அவர் நம்மை விரட்டுவார்.

உங்களுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர் மெஷினைப் பிடிக்கும் விதம் மாறினால், டம்ளரைப் பிடிக்கும் விதம் மாறினால், நடை மாறினால், கேளுங்கள். எல்லோர் முன்னிலையிலும் வேண்டாம், தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்வார். உங்களோடு சாப்பிட வர மாட்டார். மறுநாளும் உங்கள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவர் இருக்கிற பக்கம் போய் உட்காருங்கள். அவர் எழுந்து போனால் அதற்கடுத்த நாளும் போங்கள்.